பச்சை இமை, சிவந்த கண்

ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள் என்றால் அதற்கு என் அறிவு காரணமில்லை. என்னோடு ஓய்வு பெற்ற மற்றவர்கள் போனை எடுப்பதில்லை. நான் எடுத்துத் தொலைக்கிறேன்.

போன வாரமும் அப்படித்தான். மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சுற்றுலா விடுதியில் நான் கடைசிவரை வேலை பார்த்தேன். அங்கே இப்போது வரவேற்பில் நிற்கிற பிள்ளைகள் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள். புது மேலாளர் வந்திருக்கிறாராம். பெண் ஊழியர்கள் எல்லோருக்கும் கண் அலங்காரப் பெட்டி கொடுக்கப் போகிறார்களாம். “இந்த மலையிலயே இதான் மொதத் தடவையாம்க்கா” என்றது ஒரு பிள்ளை. எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதல் தடவை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்றேன். எப்படி நடந்தது என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் மழை பெய்தால் முதலில் டவர் போகும், பிறகு கரண்ட் போகும். ஆகவே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். அம்மா கொழுந்து பறித்தாள், நானும் பறித்தேன். முதுகு வலி தாங்காமல் இருந்தபோது விடுதி கட்டினார்கள். மலையாளம் பேசத் தெரிந்த, இங்கிலீஷைக் கண்டு ஓடாத பெண்கள் வேண்டும் என்றார்கள். நான் ஓடவில்லை, அதனால் வேலை கிடைத்தது. பயிற்சி என்று ஒன்று நடந்தது. ஒரு நாள் மெத்தை விரிப்பை மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், மறுநாள் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பேச்சியம்மாள் என்ற பெயர் விருந்தினர் வாயில் நுழையாது என்று சட்டைப்பட்டையில் ‘பீச்சி’ என்று இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தார்கள். குலதெய்வத்தின் பெயரோடு மலையில் பிறந்தவள், ஒரே நாளில் பழக்கடையில் விற்கிற பீச் பழமாகிவிட்டேன்.

அறைகளைச் சுத்தம் செய்வதில் தொடங்கி, சாப்பாட்டுக் கூடம், பிறகு வரவேற்பு என்று ஏறினேன். எத்தனையோ மேலாளர்கள் வந்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் முதல் வேலையாக எங்கள் உடையை மாற்றினார். சாப்பாட்டுக் கூடத்தின் கூரை ஒழுகியது, அதை யாரும் மாற்றவில்லை. ஒருவர் கசவுச் சேலை கட்டச் சொன்னார். அடுத்தவர் கோட்டு போடச் சொன்னார். அதற்கடுத்தவர்தான் பெரிய சிந்தனையாளர். விருந்தினர்களை வரவேற்கும்போது நாங்கள் கொழுந்து பறிக்கிற பெண்கள் மாதிரி இடுப்பில் படுதாவும் முதுகில் கூடையும் கட்டி நிற்க வேண்டும் என்றார். கூடை சுமந்து முதுகு போனதால் விடுதிக்கு வந்தவள் நான். இங்கே அதே கூடையைக் காலியாகச் சுமக்கச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு விருந்தினர் நான் கொழுந்து பறிப்பதைப் படம் எடுக்க ஆசைப்பட்டார். வாசலில் தேயிலை இல்லை, குரோட்டன்ஸ்தான் இருந்தது. அதைப் பறித்துக் கூடையில் போட்டேன். “ஆகா, எவ்வளவு இயற்கை” என்றார்.

இப்படிப் பழகிப்போன காலத்தில்தான் விநோத் சார் மேலாளராக வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கொச்சிக்காரர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். யாரையும் அதட்டமாட்டார், யாருக்கும் மெமோ கொடுக்கமாட்டார். மலையாளம் கலந்த தமிழில், காய்ச்சல்காரரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுவார். எதைச் சொன்னாலும் ‘நமக்கு’ என்றுதான் தொடங்குவார். “சேச்சி, நமக்கு இன்னிக்கி ரெண்டு பஸ் ஆளு வருது, நமக்கு லீவு எடுக்கண்டா.” “நமக்கு நடைபாதை முழுசும் ஒண்ணு தொடைக்கணும்.” அந்த ‘நமக்கு’வில் அவர் ஒருபோதும் இருந்ததில்லை என்பது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. மற்றவர்களுக்கு அன்றே புரிந்துவிட்டதாம்.

ஒரு நாள் எங்கள் எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார். மேசைமேல் பளபளப்பான அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

“நமக்கு இனி ஒரு தீம் உண்டு. டீ கார்டன் ஐஸ். விருந்தினர் நம்ம கண்ணப் பாக்கும்போ தேயிலைத் தோட்டம் காணணும்” என்றார்.

சன்னலுக்கு வெளியே நான்கு பக்கமும் தேயிலைத் தோட்டம்தான் இருந்தது. விருந்தினர் அதை விட்டுவிட்டு என் கண்ணில் ஏன் தேட வேண்டும் என்று கேட்க நினைத்தேன். சம்பள உயர்வு நேரம். கேட்கவில்லை.

பெட்டிக்குள் கண்ணாடி வைத்த ஒரு தட்டு இருந்தது. அதில் பன்னிரண்டு குழிகள், குழிக்கொரு நிறத்தில் பவுடர். ஒவ்வொன்றுக்கும் பெயர் அச்சிட்டிருந்தார்கள். கொழுந்து, மூடுபனி, மலைத்தேன், ஈரமண் என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷ் பெயர்கள். ஈரமண்ணோடு நாங்கள் பட்டபாட்டுக்கு அதை இமையில் பூசிக்கொள்ளப் பெட்டியில் அடைத்து விற்பார்கள் என்று யார் கண்டது? தட்டோடு இணைப்பாக இன்னும் நான்கு சாமான்கள்: இமையில் முதலில் தடவுகிற பசை, ஐலைனர் பேனா, மஸ்காரா, ஒரு பிரஷ். இவ்வளவும் மூன்று பேருக்கு ஒரு பெட்டி. “நம்ம ஒரு குடும்பம் அல்லே?” என்றார் விநோத் சார். செலவைக் குறைக்க நினைக்கும்போதெல்லாம் விடுதி குடும்பமாகிவிடும்.

போடக் கற்றுக்கொடுக்க டீனா என்றொரு பெண் கொச்சியிலிருந்து வந்திருந்தாள். வேலை தெரிந்தவள், குறை சொல்ல முடியாது. யார் மேலாவது போட்டுக் காட்ட வேண்டும், ஒரு ஆள் வாருங்கள் என்றாள். யாரும் அசையவில்லை. கண் மை தவிர வேறெதுவும் முகத்தில் தொடாத பெண்கள்தான் பாதிப்பேர். ஒருத்தி இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள், அவள் சுவருக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினாள்.

அப்போது விநோத் சார் செய்ததை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “பேடி வேண்டா. எனிக்குப் போட்டுக் காணிக்கு” என்றார். பேடி என்றால் மலையாளத்தில் பயம்.

டீனா முதலில் பசையை மோதிர விரலால் இமைமேல் ஒற்றினாள். தேய்க்கக் கூடாதாம், ஒற்ற வேண்டுமாம். அது காயும்வரை பொறுத்து, மூடுபனியை இமை முழுவதும் பூசினாள். இமை மடிகிற பள்ளத்தில் ஈரமண்ணை வைத்து, மழையில் கார் கண்ணாடியைத் துடைக்கிற கம்பி மாதிரி பிரஷை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டினாள். இரண்டு நிறமும் எங்கே சேர்கிறது என்று தெரியக் கூடாது, அதுதான் வித்தை என்றாள். நடுவில் விரல் நுனியால் கொழுந்துப் பச்சை. மூக்கோரம் ஒரு புள்ளி மலைத்தேன். ஐலைனரை நடுவிலிருந்து வெளிப்பக்கம் இழுத்து, பிறகு உள்பக்கத்தை நிரப்பினாள். கடைசியில் மஸ்காரா, இமைமயிரின் அடியிலிருந்து லேசாக ஆட்டி ஆட்டி மேலே.

விநோத் சார் கண்ணைத் திறந்தார். உண்மையில் அழகாகத்தான் இருந்தது. எங்களில் ஒருத்தியைத் தவிர யாருக்கும் அப்படிப் பிறகு அமையவில்லை.

கண்ணோரம் இரண்டு முறை சொறிந்துகொண்டே எழுந்தார். “வீட்டுல மோளுக்குச் செங்கண்ணு. ராத்திரி உறக்கமில்லா” என்றார். செங்கண்ணு என்றால் நம் ஊரில் மெட்ராஸ் ஐ. அவர் குழந்தையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு நாங்கள் பரிதாபப்பட்டோம். அதே பிரஷையும் மஸ்காராவையும் எடுத்துக்கொண்டு டீனா எங்கள் வரிசைக்கு வந்தாள்.

அடுத்த சில நாட்கள் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். எங்கள் மலையில் மூடுபனி அட்டையில் அச்சிட்டது மட்டுமல்ல, வாசலுக்கும் வரும். காலையில் போட்ட மஸ்காரா பத்து மணிக்குக் கன்னத்தில் நிற்கும். தோசைக்கல் பக்கம் நிற்கிற பெண்ணுக்கு அதுவரைகூடத் தாங்காது. ஒருநாள் வடநாட்டு அம்மா ஒருவர் என் முகத்தில் வழிந்த கறுப்பைப் பார்த்துப் பதறி, என்னை ஓரமாகக் கூட்டிப்போய், “இங்கே உங்களைக் கொடுமைப்படுத்துகிறார்களா?” என்று கேட்டார். “இல்லைங்க மேடம், அலங்காரம்” என்றேன். அவர் நம்பவில்லை.

ஆனால் ஒருத்திக்கு மட்டும் அது பொருந்திப்போனது. முத்துலெட்சுமி. வாசலில் நின்று வருகிறவர்கள் நெற்றியில் சந்தனம் வைக்கிற பெண். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், புருஷன் திருப்பூரில் வேலை. அவன் வருவது தீபாவளிக்குத்தான், அதுவும் எல்லாத் தீபாவளிக்கும் இல்லை. இந்த சீசன் முடிந்ததும் உன்னை நிரந்தரமாக்குவோம் என்று விடுதி அவளிடம் நான்கைந்து சீசனாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாள் முழுவதும் நெற்றி நெற்றியாகப் பொட்டு வைத்துப் பழகியதாலோ என்னவோ, அவள் கை நடுங்காது. டீனா செய்ததை ஒரே தடவை பார்த்துவிட்டு அப்படியே போட்டுக்கொண்டாள். ஒரு விருந்தினர் வீட்டுச் சிறுமி மலையோடு படம் எடுக்க மாட்டேன், இந்த ஆன்ட்டியோடுதான் எடுப்பேன் என்று அடம்பிடித்தது.

அன்று அவள் உடைமாற்றும் அறையில் கண்ணாடிமுன் நின்றுகொண்டே இருந்தாள்.

“ஏட்டி, பஸ் வந்துட்டு. என்ன பாத்துட்டு நிக்க?”

“என்னத்தான்க்கா. இத்தன நாளு பாக்கவே இல்ல பாத்துக்கோங்க” என்றாள்.

சந்தனக் கிண்ணத்தை நானே எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

பயிற்சி நடந்த மறுநாளே விநோத் சார் கூலிங்கிளாஸ் போட்டு வந்தார். பனிக்குள் கூலிங்கிளாஸ் போட்ட மனிதரை எங்கள் மலை அன்றுதான் பார்த்தது. அதற்கு இரண்டு நாள் கழித்துத் தோசைக்காரிக்குக் கண் சிவந்தது. பிறகு எனக்கு. பிறகு முத்துலெட்சுமிக்கு. வாரக் கடைசியில் வரவேற்பு முழுவதும் இமை பச்சை, விழி சிவப்பு. எல்லோரும் சேர்ந்து மூணாறு ஆசுபத்திரிக்குப் போனோம். டாக்டர் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “எல்லாரும் ஒரே மையா போடுறீங்க?” என்பதுதான். மருந்து எழுதிக் கொடுத்துப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னார்.

ஆனால் அந்த வாரம்தான் சுற்றுலா ஏஜெண்டுகள் கூட்டமாக விடுதியைப் பார்க்க வந்தார்கள். ஆளில்லாமல் சமாளிக்க முடியாது என்று விநோத் சார் எங்களுக்கும் கூலிங்கிளாஸ் வாங்கித் தந்தார். வாசலிலிருந்து கூடம்வரை கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்கள் இரண்டு வரிசை. ஒரு ஏஜெண்ட் நெகிழ்ந்துபோய், பார்வையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கிற உயர்ந்த மனது யாருக்கு வரும் என்று விநோத் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊருக்குப் போய் அவருக்கும் சிவந்தது. அவர் கொச்சி தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். டைரக்டர் சார் கிளம்பி வருகிறார் என்று செய்தி வந்தது.

விநோத் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“சேச்சி, நமக்கு ஒரு பேரு வேணும்.”

“பேருக்கென்ன சார். வீட்டுல இன்னொரு பிள்ளை பொறந்திருக்கா?”

“தமாசு வேண்டா. நாளைக்கி டைரக்டர் சார் கேக்கும், இந்தச் செங்கண்ணு ஆரு கொண்டு வந்ததுன்னு. முத்துலெட்சுமி டெம்பரவரி அல்லே? லயத்துலதான் வீடு. அவிடேருந்து வந்ததுன்னு சொன்னா ஆருக்கும் நஷ்டமில்ல.”

லயம் என்பது தோட்டத்தின் வரிசை வீடுகள். தலைமுறை தலைமுறையாக நாங்கள் இருக்கிற இடம். மலைக்கு எந்த நோய் வந்தாலும் அது லயத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது மேலே இருக்கிறவர்களின் வைத்தியம்.

“அவளுக்கு நஷ்டமில்லையா சார்?”

“அடுத்த சீசன்ல திரும்ப எடுக்காம்.”

“எம்பேரச் சொல்லிருங்க. எனக்கும் செவந்துச்சு. நானும் லயத்துலதான் கெடக்கேன்.”

அவர் தலையை ஆட்டினார். “சேச்சி பெர்மனென்ட். தொட்டா யூனியன்காரு கேட்டுல கொடி நாட்டும்.”

“அப்பம் ஒண்ணுதான் மிச்சம். உங்க பேரச் சொல்லுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இன்னும் சிவப்பு போகவில்லை. இமை வீங்கி, பாவமாக இருந்தது.

“எனிக்கு ஜோலி போகும் சேச்சி. வீட்டுல லோன் உண்டு. மோளு சிறுசு.”

நஷ்டம் என்று வந்த இடத்தில் அவர் ‘நமக்கு’ என்பதை விட்டு ‘எனிக்கு’ என்றதை அன்றுதான் கேட்டேன்.

“அவளுக்கு ரெண்டு சார்” என்றேன். “ரெண்டும் சிறுசு. நாளைக்கி டீ நாந்தான் கொண்டு வருவேன். நீங்க அவ பேரச் சொன்னா, நான் டிரேய வச்சிட்டு மத்ததச் சொல்லுவேன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மொதக் கண்ணாடி யாரு போட்டதுன்னு தோட்டக்காரனக் கேட்டாலும் சொல்லுவான்.”

தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யூனியன் சந்தா ஒழுங்காகக் கட்டியவளின் தைரியம் அது.

மறுநாள் டைரக்டர் சார் வந்தார். உட்காரும் முன்பே, “யார்?” என்று கேட்டார். நான் தட்டோடு நின்றேன். விநோத் சார் டைரக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் சட்டென்று தெளிந்தது.

“பெட்டிதான் சார்” என்றார் மலையாளத்தில். “சரக்கு சரியில்லை.”

டைரக்டர் சார் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். மூடுபனியில் விரலை விட்டு முகத்தைச் சுளித்தார். “அதானே பார்த்தேன்” என்றார். எல்லாப் பெட்டிகளையும் உடனே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

பாவம் அந்தப் பெட்டி. மூன்று பேருக்கு ஒன்று என்று அது சொல்லவில்லை. ஒரே பிரஷை எல்லோர் கண்ணிலும் ஓட்டு என்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு யூனியன் கிடையாது, பிள்ளைகுட்டி கிடையாது, லயத்தில் வீடும் கிடையாது. இவ்வளவு வசதியான குற்றவாளியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. யாருக்கும் வேலை போகவில்லை. விநோத் சார் அன்று சாயங்காலமே பழையபடி ‘நமக்கு’ என்று பேசத் தொடங்கிவிட்டார்.

விஷயத்தைச் சொல்ல முத்துலெட்சுமியைத் தேடிப் போனேன். உடைமாற்றும் அறையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பழி பெட்டிமேல் போய்விட்டது, யாருக்கும் வேலை போகவில்லை என்றேன். தலையாட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“மருந்து விட்டியா?”

“விட்டேன்க்கா. இது அது இல்ல.” கடைசிப் பெட்டியின் மூடியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினாள். “நல்ல சாமான்க்கா. இது மேலயா பழியப் போட்டாக?”

அவள் பெயர் மேசைக்கு வரவிருந்தது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. வேறு யாரோ சொன்னார்கள் போல. ஒரு வாரம் கழித்து என் டிபன் டப்பாவில் கேட்காமலே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இருந்தது. அடுத்த வருஷம் அவளை நிரந்தரமாக்கினார்கள். விடுதி சொன்ன சொல்லைக் காப்பாற்றும், ஆற அமரக் காப்பாற்றும்.

என் கடைசி வேலைநாளில் பொன்னாடை, குத்துவிளக்கு, குரூப் போட்டோ எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. விழா தொடங்கும் முன் முத்துலெட்சுமி என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். மூணாறு பஜாரில் தன் காசில் வாங்கிய ஒரு கண் அலங்காரத் தட்டை எடுத்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்து, நான் பார்க்கப் பார்க்கக் கிழித்தாள்.

“புதுசுக்கா. பிரஷும் புதுசு. உங்களுக்குத்தான் வாங்குனேன். போட்டுட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருங்க.”

“இந்த வயசுல எனக்கு எதுக்குட்டி இது? போட்டோல பாத்தா பேய் ஓட்டக் கூட்டிட்டுப் போவாக.”

“பேசாதீங்க. பேசுனா கோடு கோணும்.”

அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது. என் இமைச் சுருக்கத்தை ஒரு விரலால் மெதுவாக நீவிப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் போட்டாள். முப்பது வருஷமாக அந்த விடுதியில் நான் மற்றவர்கள் வரும்போது எழுந்து நின்றிருக்கிறேன். நான் உட்கார்ந்திருக்க இன்னொருவர் நின்று எனக்காக ஒரு வேலை செய்தது அன்றுதான். கண்ணாடியைக் காட்டினாள். ஏதாவது கேலியாகச் சொல்ல வாயைத் திறந்தேன். மஸ்காரா கரைந்துவிடும் போலிருந்ததால் மூடிக்கொண்டேன்.

பொன்னாடையும் பூவுமாகச் சாயங்காலம் லயத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். தேயிலை பாக்டரியில் வேலை பார்த்து எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கண்ணுல என்னாச்சு? மறுபடியும் வந்துட்டா? ஆசுபத்திரிக்கிப் போவமா?”

“அலங்காரம்” என்றேன். “கேலி பண்ண வேண்டாம். இந்தா கழுவிட்டு வாரேன்.”

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ச் செம்பை எடுத்தேன்.

“ஏய்” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அவர் ரேடியோவை விட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார். “வெளிச்சம் போற மட்டும் இருக்கட்டும். இங்க வந்து உக்காரு.”

செம்பை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.